ஒரு மணிச் சாப்பாடும் பதினொரு நாளும்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து சுகன்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் டெக்னீஷியன் பெண் அவள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். தொண்ணூற்றாறு குழிகள் உள்ள தட்டு ஒன்றை உள்ளே தள்ளினால், அத்தனையையும் ஒரே மூச்சில் அளந்து கொடுத்துவிடுமாம்.

"அக்கா, அலமாரியில ஒரு நீல பிஸ்கட் டப்பா இருக்குதுங்க. உள்ள பன்னண்டு துண்டுச் சீட்டு. இனி அது எதுக்குங்க? வீசிப்போடட்டுங்களா?"

"வீசிப்போடாத கண்ணு. நான் வந்து எடுத்துக்கறேன்."

ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்டது ஒரு சாக்கு. இதைச் சொல்லியாக வேண்டிய ஆள் இன்னொருவர் இருக்கிறார்.

என் பெயர் லூர்து மேரி. கணபதி என்னும் பகுதியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இன்றும் அதே கோயில் மணிச் சத்தத்தில் கண்விழிக்கிறவள். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்ததும் சிங்காநல்லூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மூன்று வருடம் ஊசி குத்தினேன். பிறகு ஒரு கல்லூரியின் மருந்தியல் துறையில் சேர்ந்தேன். எலி என்றால் நாற்காலி மேல் ஏறி நிற்கிறவளாகத்தான் போனேன். ஆறே மாதத்தில் எலி என்னைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தது.

எங்கள் தலைவர் பேராசிரியர் நாச்சிமுத்து. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எலிக்கும் 'ங்க' போட்டுப் பேசுவார். கூண்டைத் திறக்கும்போது "வாங்க சாமி" என்பார். ஆனால் அவருக்கு ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றுவார், சட்டை நுனியில் துடைப்பார், மாட்டுவார். பிறகு, "மறுக்கா ஒருதரம் பாத்துரலாமுங்களா?" என்பார். அவ்வளவுதான். ஒரு மாத உழைப்பு குப்பைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அறைந்திருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

அவர் வைத்திருந்த ஒரே சட்டம் மதியச் சாப்பாடு. முன்னொரு காலத்தில் அவருடைய மாணவன் ஒருவன் பட்டினியோடு வேலை பார்த்துக் குளிர் அறைக்குள் மயங்கி விழுந்திருக்கிறான். அன்றிலிருந்து மணி ஒன்று அடித்தால் யாராயிருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு வராந்தா மேசைக்கு வந்துவிட வேண்டும். டப்பாக்கள் எல்லாம் நடுவில் போகும். சார் வீட்டு அரிசிம்பருப்பு சாதமும் என் வீட்டு மத்தி மீன் வறுவலும் ஒரே மேசையில் இருக்கும். அவர் மீனைத் தொடமாட்டார், ஆனால் "லூர்துங்க, இன்னிக்கு வாசனையே சோறு எறங்குதுங்க" என்பார். முக்கால் மணி நேரம் யாரும் எழுந்திருக்கக் கூடாது. அந்த மேசைக்காகவே வேறு இடத்தில் கிடைத்த வேலையை நான் ஒருமுறை வேண்டாம் என்றிருக்கிறேன்.

தாரணி அந்த மேசைக்கு வந்து சேர்ந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு. அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கிற வீட்டுப் பெண். வாயாடி. முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது இதயத் துடிப்பை ஒழுங்காக்கும் ஒரு மருந்து. அதன் பெயரை எழுதப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவமும் என் தலையில் விழும்.

அந்த மருந்து இதயத்தில் செய்வது இதுதான். இதயத் தசைக்குள் சோடியம் புகுவதற்கு நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. அவை கண்டபடி திறந்தால் துடிப்பு தாறுமாறாகும். மருந்து கதவைப் பாதி சாத்தி வைக்கும். அதே மாதிரிக் கதவுகள் மூளை நரம்பின் முனைகளிலும் உண்டு. அங்கே சோடியம் புகுந்தால்தான் அடுத்தடுத்த வேலைகள் நடந்து, முனையிலிருந்து குளூட்டமேட் என்ற பொருள் வெளியே கொட்டும். ஒரு நரம்பு இன்னொரு நரம்பை எழுப்புவது அதை வைத்துத்தான். இதயத்துக்காகத் தின்னும் மாத்திரை மூளையிலும் கதவைச் சாத்துமா, குளூட்டமேட் கொட்டுவது குறையுமா? இதுதான் தாரணியின் கேள்வி.

அவளுக்கு அது வெறும் பட்டத்துக்கான கேள்வி இல்லை. அவள் அப்பா சென்னியப்பன் அந்த மாத்திரையைத்தான் தின்றுகொண்டிருந்தார். தின்ன ஆரம்பித்த பிறகு மனுஷன் மந்தமாகிவிட்டார், கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சில் கலந்துகொள்வதில்லை என்று அவள் சொல்வாள்.

வேலை இப்படி நடக்கும். எலியின் மூளையை எடுத்து ஐஸில் போடுவது ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் நடந்துவிட வேண்டும். நான் கடிகாரம் பார்த்ததில்லை, ஜெபம்தான். பிறகு கண்ணாடிக் குழாயில் சர்க்கரைக் கரைசலோடு போட்டுப் பன்னிரண்டு முறை மேலும் கீழுமாக அரைக்க வேண்டும். நுரை வரக் கூடாது. வேகமாகச் சுழற்றிப் பிரித்தால் மோர் நிறத்தில் ஒரு படலம் நிற்கும். அதில் இருப்பதெல்லாம் அறுந்த நரம்பு முனைகள். அறுந்தாலும் அவை தம்மைத் தாமே மூடிக்கொண்டு ஐஸில் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். என் கை வேலை அதோடு முடிந்தது. காலை பத்தரைக்குள் பன்னிரண்டு சிறு குழாய்களில் பிரித்து ஐஸ் பெட்டியில் குத்தி வைப்பேன்.

தாரணி ஒவ்வொன்றாக எடுத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, இருட்டறையில் இருக்கும் ஒளி அளக்கும் கருவியில் வைப்பாள். நரம்பு முனைகளைத் தூண்டிவிட ஒரு சொட்டு. குளூட்டமேட் வெளியே வர வர, குழாயில் கலந்திருக்கும் ஒரு நொதி அதைப் பிடித்து ஒளியாகக் காட்டும், கணினியில் ஒரு கோடு ஏறும். ஆறு குழாய் வெறுமனே, ஆறு குழாய் மருந்தோடு. மருந்து கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளது, கழுவுவதற்கே நெடுநேரமாகும். அதனால் வெறும் குழாய்களை எல்லாம் முதலில் முடித்துவிடுவது, மருந்துக் குழாய்களைப் பிறகு பார்ப்பது என்பது எங்கள் வழக்கம். யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த வழக்கம் இல்லை. ஆறு வெறும் குழாய் முடிவதற்கும் மணி ஒன்று அடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

இரண்டு வருடத்தில் படம் அழகாக வந்துவிட்டது. வெறும் குழாயின் கோடு மலையாக ஏறியது. மருந்துக் கோடு அதில் பாதி உயரத்தில் படுத்தது. அதுவும் மாத்திரை தின்பவர் ரத்தத்தில் இருக்கிற அளவிலேயே. சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு மாதம் இருந்தது. ஜெர்மனியில் அவளுக்கு ஓர் இடம் காத்திருந்தது.

அப்போது அவிநாசியில் தேர் வந்தது. தாரணி ஊருக்குப் போய்விட்டாள். புதிதாக வாங்கிய நொதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லியிருந்தாள். நான் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, இரண்டரை மணிக்கு ஒரு வெறும் குழாயைக் கருவியில் வைத்தேன்.

கோடு பாதியில் படுத்துக்கொண்டது.

நொதி கெட்டது என்று நினைத்துப் பழைய நொதியைப் போட்டேன். அப்போதும் பாதிதான். கருவியை அணைத்துப் போட்டேன். பாதிதான். மருந்து ஒரு துளிகூட இல்லாத குழாய், மருந்துக் குழாய் மாதிரியே படுத்தது. அந்த இருட்டறையில் எனக்குக் குப்பென்று வேர்த்தது.

அடுத்த நாள் தாரணி திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து நான் பதின்மூன்றாவது குழாய் ஒன்றை யாருக்கும் தெரியாமல் ஒதுக்கி வைத்தேன். எல்லோரும் கிளம்பியபின் அளந்தேன். நான்கு நாள் பார்த்தேன், நான்கு நாளும் பாதிதான். சந்தேகமே இல்லை. மதியத்துக்குள் நரம்பு முனைகள் ஐஸில் களைத்துப்போகின்றன. கோட்டை இறக்கியது மருந்து இல்லை, எங்கள் சாப்பாட்டு மேசை.

சொல்லியிருக்க வேண்டும். நான்காம் நாள் மாலையே சார் அறைக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். கதவு வரை போனேன். "என்னங்க லூர்துங்க?" என்றார். "ஐஸ் மெஷின் சத்தம் போடுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பயம்தான், வேறென்ன. இத்தனை வருடம் இல்லாமல் நரம்பு முனை சீக்கிரம் சாகிறது என்றால், லூர்து மேரிக்குக் கை தளர்ந்துவிட்டது என்பார்கள். அந்தப் பெண் என் மீன் வறுவலுக்கு முதலில் கை நீட்டுகிறவள், அவளுடைய இரண்டு வருடத்தை நான் எப்படிப் பிடுங்குவது? சாரிடம் போய், உங்கள் நல்ல மனசால்தான் இந்தத் தப்பு நடந்தது என்று எந்த வாயால் சொல்வது? மருந்தியல் படித்தவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது என்றும் ஒரு சாக்கு இருந்தது. அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வீட்டுக்காரரிடம் சொன்ன ஒரு சின்னப் பொய்யைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

பதினொன்றாம் நாள், மணி ஒன்று பத்து. மேசையில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். தாரணி சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"ஏனுங்க சார், தேருக்குப் போனப்ப அப்பாவப் பாத்தனுங்க. ரொம்ப மோசமுங்க. நாலு தரம் கூப்புட்டாத்தான் ஒருதரம் திரும்பறாருங்க. அதான் இங்க வந்தப்பறம் போன்ல அம்மாகிட்டச் சொல்லி, மாத்தரைய பாதியா ஒடைச்சுத் தின்னச் சொல்லிப்போட்டனுங்க. அஞ்சு நாளாச்சுங்க."

சார் கை நின்றது. "டாக்டருகிட்டக் கேட்டீங்களா கண்ணு?"

"அவரு கேக்கவே மாட்டீங்கறாருங்க. நம்ம படத்தையே கொண்டுபோய்க் காட்டுனனுங்க. எலி மூளையெல்லாம் எதுக்கும்மான்னு சொல்லிப்போட்டாருங்க. நமக்குத் தெரியாதுங்களா சார்? பாதியாக் கொறையுதே!"

சென்னியப்பன் கெட்ட படத்தை நம்பி நல்ல மாத்திரையை ஒடித்துக்கொண்டிருக்கிறார்.

"தாரணி, அப்பாவுக்குப் போன் போடு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "டாக்டரு சொன்ன அளவுதான் திங்கோணும்னு சொல்லு. அந்தப் படம் தப்பு."

"என்னங்கக்கா சொல்றீங்க?"

"மருந்து இல்லாத கொழாயும் மதியத்துக்கு மேல வெச்சாப் பாதிதான் ஏறுது. நான் பாத்துட்டேன். அஞ்சு தரம் பாத்துட்டேன். நாம சோத்துக்கு வந்தர்றோம், அது அங்க செத்துட்டு இருக்குது. போன் போடு முதல்ல!"

அவள் எச்சில் கையோடு எழுந்து ஓடினாள். சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. மேசையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எத்தன நாளாத் தெரியுமுங்க?"

"பதினோரு நாளுங்க சார்."

தாரணி கதவருகில் நின்றிருந்தாள். போன் காதில் இருந்தது. நான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அப்பா எடுக்கவில்லை. மூன்று முறை போட்டாள். அம்மா திருப்பூரில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். பக்கத்துத் தோட்டக்காரரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். சார் கார் சாவியை எடுத்தார். சாதாரணமாக நாற்பதைத் தாண்டாத மனுஷர், அன்றைக்கு அவிநாசி சாலையில் லாரிகளை முந்திக்கொண்டு போனார். நான் பின்சீட்டில் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணியைக்கூட உருட்ட முடியவில்லை. முன்சீட்டில் அந்தப் பெண் போனையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் போன் வந்தது. சென்னியப்பன் கிணற்று மேட்டில் சரிந்து உட்கார்ந்திருக்கிறார், உடம்பெல்லாம் வேர்வை, நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, பேச்சு வரவில்லை, நூற்றெட்டுக்குச் சொல்லியாகிவிட்டது.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக அவருடைய இதயத்தின் கோடு தெரிந்தது. ஆயுசு பூராவும் கோடுகளைப் பார்த்தவள் நான். அப்படிக் கிறுக்கின கோட்டைப் பார்த்ததில்லை. இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றேன். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஐந்து மணிக்குக் கோடு ஒழுங்காயிற்று.

அதன் பிறகுதான் தாரணி என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ஊர்ப் பேச்சின் மரியாதை அப்போதும் போகவில்லை.

"பதினோரு நாளுங்களா அக்கா?"

பதில் என்னிடம் இருந்தது. நான்கு நாள் உறுதி செய்துகொள்ள, மீதி ஏழு நாள் பயம். நான் உறுதியானதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அவள் அப்பா முதல் மாத்திரையை ஒடித்திருக்கிறார். அந்தக் கணக்கை அவளும் போட்டுவிட்டாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் மணி ஒன்று அடித்தும் சார் சாப்பிட வரவில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவர் அறையில் பழைய படங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கு அடுத்த நாள் டப்பாவோடு வந்தார். மறு கையில் அந்த நீல பிஸ்கட் டப்பா. ஆறு சீட்டில் 'வெறும்', ஆறு சீட்டில் 'மருந்து' என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

"சாப்பாட்ட நிறுத்தறதா இல்லைங்க" என்றார். "ஆனா இனி எந்தக் கொழா எப்பன்னு நாம முடிவு பண்ண வேண்டாம். சீட்டெடுத்துப் பாக்கலாம். கழுவறதுக்கு எத்தன நேரம் ஆனாலுஞ் செரி. மறுக்கா ஒருதரம் பாத்துரலாமுங்களா?"

அந்தத் தடவை அவர் அந்த வார்த்தையைத் தனக்கே சொல்லிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

ஏழு மாதம் ஆயிற்று. காலையில் தாரணி டப்பாவைக் குலுக்குவாள், நான் சீட்டெடுப்பேன். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். மேசையில் என் மீன் டப்பா அவள் பக்கம் போய் அப்படியே திரும்பி வரும். முடிவு இதுதான்: ரத்தத்தில் இருக்கிற அளவு மருந்துக்குக் கோடு இறங்கவே இல்லை. பல மடங்கு கொட்டினால் இறங்கியது. அதுவும் உண்மைதான், அவள் ஆய்வேட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. ஜெர்மனி கைவிட்டுப் போனது. அடுத்த வருடம் வேறோர் இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முன் கடைசியாகச் சாப்பிட்ட அன்று, ஒரு துண்டு மத்தியை எடுத்துத் தன் சாதத்தில் வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சென்னியப்பனின் மந்தத்துக்கு என்ன காரணம் என்றும் தெரிந்தது. காது. இரண்டு காதும் கேட்காமல் போயிருக்கிறது. கருவி மாட்டியபின் மகளை விட அதிகம் பேசுகிறாராம்.

இனி, இதைச் சொல்லியாக வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அந்த இன்னொருவர். ஆஸ்பத்திரியில் அவர் எழுந்து உட்கார்ந்த அன்று நான் பார்க்கப் போனேன். தாரணி ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள்.

"வாங்க அம்மணி" என்று அவர் கை குவித்தார். "நீங்க கண்டுபுடிச்சுச் சொல்லாட்டி நான் போய்ச் சேந்திருப்பனாமா. சாரு சொன்னாருங்க. நல்லா இருக்கோணும் நீங்க."

சார் அவரிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். தாரணி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. நான் வாயைத் திறந்தேன். "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஐஸ் மெஷின் கதைதான் மறுபடியும்.

அன்றிலிருந்து தை பிறந்தால் அவர் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை தேங்காய் எனக்கு வந்துவிடுகிறது. உயிர் கொடுத்த அம்மணிக்கு என்று சொல்லி அனுப்புவார். ஒவ்வொரு வருடமும் வாங்கினேன், உடைத்தேன், குழம்பு வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் அவமானம்.

சென்னியப்பன் ஐயா, உங்கள் மாத்திரை ஒடிவதற்கு இரண்டு நாள் முன்பே எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் இதை உங்களிடம் சொல்லவில்லை என்றால் அது அவள் பெருந்தன்மை. சுகன்யாவுக்கு அனுப்பும் முன்பே இதில் ஒரு பிரதியை உங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். இந்த வருடத்து மூட்டை என் சமையலறை மூலையில் கட்டு அவிழ்க்காமல் இருக்கிறது. படித்துவிட்டு ஒரு போன் செய்யுங்கள். வைத்துக்கொள் என்றால் அவிழ்க்கிறேன். வேண்டாம் என்றால் நானே அவிநாசிக்குத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் வைக்கிறேன்.